தரிசுன்னு எழுதின தோட்டம்

போன தடவை பையன் லீவுக்கு வந்தப்போ 'ஓப்பன்ஹைமர்' படத்தை வீட்டுல போட்டுவிட்டான். மூணு மணி நேரப் படம். நடுவுல கரண்டு முறை வந்துட்டதால நான் மோட்டார் போட எழுந்து போயிட்டேன், அதனால கதை கொஞ்சம் விட்டுப் போச்சு. ஆனா ஒரு காட்சி மட்டும் மனசுல நின்னுடுச்சு. மேசை மேல ரெண்டு கண்ணாடிப் பாத்திரம். பெரிசு யுரேனியத்துக்கு, சின்னது புளூட்டோனியத்துக்கு. மாசம் ஆக ஆக அதுல ஒவ்வொரு கோலிக்குண்டா போட்டுக்கிட்டே வர்றாங்க. அது நிறைஞ்சா குண்டு தயார்.

"இந்தச் சின்னக் கோப்பைக்கு சரக்கு எந்த ஊர்ல இருந்து வருது?"ன்னு பையனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியலை. நான் பார்த்த வரைக்கும் படத்துலயும் காதுல விழலை. அடுத்த ரெண்டு மாசம், ராத்திரி தண்ணி பாய்ச்சுற நேரத்துல வரப்புல உக்காந்து போன்லயே தேடித் தேடிப் படிச்சேன். விஞ்ஞானம் பாதி புரியலை. ஆனா ஊர்க்கதை முழுசா புரிஞ்சுது. ஏன்னா அது தண்ணி, மரம், நஷ்டஈடு, மாட்டுப் பால் இதுகளோட கதை. நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்.

அமெரிக்காவில் வாஷிங்டன் என்று ரெண்டு இருக்கிறது. ஒன்று தலைநகரம். இன்னொன்று வடமேற்கு மூலையில் இருக்கிற மாநிலம். நான் சொல்லப்போவது அந்த மாநிலத்தைப் பற்றி. அங்கே கேஸ்கேட் என்றொரு மலைத்தொடர் வடக்கு தெற்காக ஓடுகிறது. கடலிலிருந்து வரும் மேகத்தையெல்லாம் மலையே வாங்கிக் கொள்ளும். மலைக்குக் கிழக்கே இருப்பவனுக்கு மிச்சம் மீதிதான். நம்ம கொங்கு நாட்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் உள்ள கணக்குதான் அது, ஆனா அங்கே இன்னும் கொடுமை. வருஷத்துக்கு 7 அங்குலம், அதாவது 175 மில்லி மீட்டர் மழை பெய்தால் பெரிசு. சாம்பல் நிறத்தில் ஒரு புதர் மட்டும் கண்ணுக்கெட்டின தூரம் முளைத்துக் கிடக்கும். அந்தப் பொட்டலுக்கு நடுவே கொலம்பியா ஆறு, காவிரியை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற தண்ணீரோடு, வளைந்து வளைந்து போகிறது.

பக்கத்தில் ஆறு, கரையில் பாலைவனம். இதைப் பார்க்கிற விவசாயிக்கு என்ன தோன்றும்? அதேதான் அவர்களுக்கும் தோன்றியது. 1900-களின் தொடக்கத்தில் ஒரு நீர்ப்பாசனக் கம்பெனி வந்தது. ஆற்றில் பிரீஸ்ட் ராப்பிட்ஸ் என்ற இடத்தில் சின்னதாக மின்சாரம் எடுத்து, அதை வைத்துப் பம்பு ஓட்டி, தண்ணீரை மேடேற்றி வாய்க்காலில் விட்டார்கள். அந்தக் கம்பெனியில் பங்கு வைத்திருந்த நீதிபதி ஒருவரின் பெயரால் ஹான்ஃபோர்டு என்று 1907-ல் ஒரு ஊர் உருவானது. கொஞ்சம் மேலே ஆற்றோரம் வெள்ளை மண் குன்றுகளுக்கு எதிரே ஒயிட் பிளஃப்ஸ் என்ற ஊர் அதற்கு முன்பே இருந்தது. ரெண்டுக்கும் தெற்கே ரிச்லாண்டு என்று இன்னொரு சின்ன ஊர். 1913-ல் ரயில் வந்ததும் பழம் நேராகச் சந்தைக்குப் போக ஆரம்பித்தது. செர்ரி, ஆப்பிரிக்காட், பீச், பேரிக்காய், ஸ்ட்ராபெரி. வெயில் அதிகமான இடம் என்பதால் சுற்று வட்டாரத்தில் மற்ற ஊர்ப் பழத்துக்கு முன்னாடியே இவர்கள் பழம் சந்தையில் இறங்கும். முதல்ல வர்ற பழத்துக்கு என்ன விலைன்னு மாங்காய் போடுறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க. மணல் காற்று அடித்தால் விதைத்ததை வாரிக்கொண்டு போகும். தண்ணீர் வரி கட்ட முடியாமல் கடனில் தவித்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு 1922-ல் அரசாங்கம் அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. அதில் பலர் தாக்குப் பிடிக்காமல் போய்விட்டார்கள். 1930-களின் மந்தத்தில் பழத்துக்கு விலையே இல்லை. எல்லாவற்றையும் தாண்டி நின்றவர்கள்தான் 1943-ல் அங்கே இருந்தார்கள். மூன்று ஊர்களையும் சுற்றுப் பண்ணைகளையும் சேர்த்து சுமார் 1,500 பேர்.

1942 டிசம்பர் 2. சிகாகோவில் ஒரு விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டுக்கு அடியில் என்ரிகோ ஃபெர்மியின் குழு முதன்முதலாக அணுச்சங்கிலித் தொடரை ஓட்டிக் காட்டியது. அதே மாசம் பிராங்க் மத்தியாஸ் என்ற ராணுவ அதிகாரி, டூபாண்ட் கம்பெனி பொறியாளர்களோடு இடம் பார்க்கக் கிளம்பினார். மேலதிகாரி ஜெனரல் குரோவ்ஸ் தரப்பில் வைத்த நிபந்தனைகளைப் படித்தால் பொண்ணு பார்க்கப் போன மாதிரி இருக்கும். நிமிஷத்துக்கு 25,000 கேலன் சுத்தமான தண்ணீர் வேண்டும். ஒரு லட்சம் கிலோவாட் மின்சாரம் வேண்டும். 20 மைலுக்குள் ஆயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர் இருக்கக் கூடாது.

டிசம்பர் 22-ம் தேதி மத்தியாஸ் சின்ன விமானத்தில் இந்த ஆற்றங்கரை மேலே பறந்தார். ஆறு இருக்கிறது. மேலே கிராண்டு கூலி அணை அப்போதுதான் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஜனம் குறைவு. முடிந்தது கதை. இதுல என் மனசை உறுத்துறது என்னன்னா, எந்தத் தண்ணியும் கரண்டும் அந்த ஊரை வாழ வச்சுதோ, அதேதான் அந்த ஊரைக் காட்டியும் கொடுத்துடுச்சு. வெறும் பாலைவனமா மட்டும் இருந்திருந்தா அந்தப் பக்கம் யாரும் திரும்பியே பார்த்திருக்க மாட்டாங்க.

எடுத்துக்கொண்டது சுமார் 600 சதுர மைல். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 4 லட்சம் ஏக்கர். நியாயமாகச் சொல்லணும், அதில் பெரும் பகுதி மேய்ச்சல் காடுதான். பண்ணையம் நடந்தது பத்தில் ஒரு பங்கு இருக்கும். அதனால்தான் பின்னாளில் எழுதினவர்கள் பலரும் 'ஆளில்லாத பாலைவனத்தில் கட்டினார்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பத்தில் ஒரு பங்கு என்ன ஆச்சு?

1943 மார்ச் வாக்கில் தபால் வந்தது. அரசாங்கத்துக்கு உங்கள் நிலம் தேவைப்படுகிறது, காலி செய்யவும். சிலருக்கு 30 நாள். சிலருக்கு அதுவும் இல்லை, சிலருக்குக் கொஞ்சம் கூட. எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது, யுத்த காரியம். மகன் போர்முனையில் இருக்கும்போது யுத்த காரியத்துக்கு எதிராக எப்படிப் பேசுவது? சுடுகாட்டைக்கூட விடவில்லை. ஒயிட் பிளஃப்ஸ் கல்லறைகளைத் தோண்டி எடுத்து பிராசர் என்ற ஊரில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

மதிப்புப் போட வந்தவர்களைப் பற்றித்தான் எல்லாருக்கும் கோபம். வந்தது குளிர்காலக் கடைசி. இலையுதிர்ந்து குச்சி குச்சியாக நிற்கிற செர்ரி மரத்தைப் பார்த்து விலை போட்டால் எப்படி இருக்கும்? மரத்தில் வரப்போகிற காய்ப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது அவர்கள் குறை. ஒரு செர்ரி நட்டு நல்லபடியாகக் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். கையில் கொடுத்த காசுக்கு வேறு இடத்தில் வெறும் காடுதான் வாங்க முடியும்.

இதைப் படிச்சப்போ எங்க பெரியப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். அவர் நிலத்துல ரோடு போனப்போ, கிணறும் போரும் இருந்த வயலுக்கு அடங்கல்ல 'தரிசு'ன்னே இருந்துச்சு. ஏதோ ஒரு பஞ்ச வருஷத்துல எழுதினது, அப்புறம் யாரும் மாத்தலை. நாற்பது தென்னை நின்னுச்சு. ஆபீசுக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சுதுதான் மிச்சம். நேர்ல வந்து பார்த்த ஆளும் காகிதத்தைத்தான் பார்த்தாரே தவிர மரத்தை அண்ணாந்து பார்க்கலை.

ஹான்ஃபோர்டு விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். யாக்கிமா நகரத்து நீதிமன்றத்தில் ஜூரிகளாக உட்கார்ந்தவர்களுக்கு நிலத்தின் அருமை தெரியும். பல வழக்குகளில் அரசாங்கம் சொன்னதைவிட அதிகமாகக் கொடுக்கச் சொன்னார்கள். போதாக்குறைக்கு 1943-ல் விளைச்சலும் பிரமாதமாக அமைந்துவிட்டது.

புகார் தலைநகரம் வரைக்கும் போனது. அங்கே யுத்தச் செலவில் ஊழல் நடக்கிறதா என்று பார்க்க ஒரு செனட் குழு இருந்தது. அதன் தலைவர் தன் இளவயதில் பத்து வருஷத்துக்கு மேல் மிசௌரியில் ஏர் பிடித்தவர். வாஷிங்டன் மாநிலத்தில் இவ்வளவு நிலம் எதற்கு எடுக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். 1943 ஜூன் 17-ம் தேதி யுத்த அமைச்சர் ஸ்டிம்சன் அவரிடம் போனில் பேசினார். இது ரொம்ப ரகசியமான, ரொம்ப முக்கியமான காரியம், விட்டுவிடுங்கள் என்பது சாரம். அவரும் சரி என்று விட்டுவிட்டார். அந்தச் செனட்டர் பெயர் ஹாரி ட்ரூமன். ரெண்டு வருஷம் கழித்து, ஜனாதிபதியாக, அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்தச் சொன்னவரும் அவரே.

ஆள் போனார்கள், மரம் அங்கேயே நின்றது. யுத்த காலத்தில் பழத்தை வீணாக்க முடியுமா? 1944 தொடக்கத்தில் மெக்நீல் தீவுச் சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து, கொலம்பியா முகாம் என்று ஒன்று போட்டு, தோட்டங்களைக் கவனிக்க வைத்தார்கள். சின்னக் குற்றம் செய்தவர்கள்தான். அவர்கள் தண்ணீர் பாய்ச்சினார்கள், பழம் பறித்தார்கள். 1947 வரைக்கும் இது நடந்தது. நட்டவன் இன்னொரு ஊரில் கூலிக்குப் போகிறான், அவன் தோட்டத்தில் ஜெயில்காரன் பழம் பறிக்கிறான். அணுகுண்டைப் பற்றின புத்தகங்களில் இதுக்கு ரெண்டு வரி ஒதுக்கினா அதிகம்.

இன்னொரு பக்கம் ஊர் வேறுவிதமாக வளர்ந்தது. பழைய ஹான்ஃபோர்டைச் சுற்றி கட்டுமானத் தொழிலாளர் முகாம். 1944-ல் 45,000 பேருக்கு மேல். என்ன கட்டுகிறோம் என்று அதில் ஒரு சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. புதரையும் பயிரையும் வழித்தெடுத்ததால் மண் பறந்தது. பெரிய மணல்காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால், அந்தக் காற்றுக்கே 'வேலையை விடவைக்கும் காற்று' என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்திருந்தார்கள். முந்நூறு பேர்கூட இல்லாத ரிச்லாண்டு ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் அரசாங்க ஊராக மாறியது. வீட்டு மாதிரிகளுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து வரிசையில் பெயர். யாருக்கும் வீடு சொந்தமில்லை, எல்லாம் வாடகை. வேலை போனால் வீடும் போகும்.

பி ரியாக்டர் 1944 செப்டம்பர் 26-ம் தேதி ஓட ஆரம்பித்தது. அதைக் குளிர வைக்க ஆற்றிலிருந்து நிமிஷத்துக்கு 75,000 கேலன், சுமார் 2,80,000 லிட்டர். எங்க அஞ்சு எச்.பி. மோட்டார் நல்லா ஓடினா நிமிஷத்துக்குச் சில நூறு லிட்டர் தள்ளும், அவ்வளவுதான். உள்ளே போன தண்ணீர் சூடாகி வெளியே வந்து, கொஞ்ச நேரம் தொட்டியில் நின்றுவிட்டு, திரும்பவும் ஆற்றிலேயே போய்ச் சேர்ந்தது. 1945 ஆகஸ்ட் 9-ம் தேதி நாகசாகி மேலே விழுந்த குண்டின் உள்ளே இருந்தது இந்த இடத்துப் புளூட்டோனியம், ஆறு கிலோ சொச்சம். ஒரு சின்னக் கூடை செர்ரிப் பழத்தின் எடை. செத்தவர்கள் அந்த வருஷக் கடைசிக்குள் சுமார் 70,000 பேர். தங்கள் நிலம் எதற்குப் போனது என்று ஒயிட் பிளஃப்ஸ்காரர்களுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

விவசாயிக்கு முன்னாடி அந்த ஆற்றங்கரையில் இருந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் தப்பு. வானபம் என்கிற பூர்வகுடிகள். சால்மன் மீன்தான் அவர்கள் பிழைப்பு. அரசாங்கத்தோடு எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவர்கள், அதனால் காகிதத்தில் அவர்களுக்கு ஒரு அடி நிலம்கூடக் கிடையாது. அவர்களுடைய ஞானி ஸ்மொஹல்லா, 19-ம் நூற்றாண்டில் இருந்தவர், பூமியை உழுவதே தாயின் உடம்பைக் கீறுவது என்று சொன்னவர். உழுது பிழைக்கிற எனக்கு அதைப் படிக்கும்போது கூச்சமாத்தான் இருந்துச்சு. 1943-ல் அவர்களின் தலைவர் ஜானி பக் கேட்டது பணம் இல்லை, ஒயிட் பிளஃப்ஸ் பக்கம் மீன் பிடிக்கும் உரிமை. மத்தியாஸ் முதலில் காவலோடு போய்வர விட்டார். பிறகு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. மேலே பிரீஸ்ட் ராப்பிட்ஸில் ஒதுங்கி வாழ்ந்தார்கள். 1950-களின் கடைசியில் அங்கேயும் ஒரு பெரிய அணை எழும்பியது. விவசாயிக்கு நஷ்டஈடு குறைந்தது என்று வருத்தம். இவர்களுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?

இனிமேல்தான் மாட்டுப் பால் வருகிறது. ரியாக்டரில் வெந்த யுரேனியத்தை அமிலத்தில் கரைத்துத்தான் புளூட்டோனியத்தைப் பிரிக்க வேண்டும். கரைக்கும்போது அயோடின்-131 என்கிற கதிரியக்க வாயு 200 அடி புகைபோக்கி வழியாக வெளியே போகும். எட்டு நாளைக்கு ஒருதரம் அதன் வீரியம் பாதியாகும், அதனால் சரக்கை மூணு மாசம் போல ஆறவைத்துக் கரைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். யுத்த அவசரத்தில் அவ்வளவு ஆறவைக்க நேரம் இல்லை. பின்னாளில் போட்ட கணக்குப்படி 1944 முதல் 1947 வரை மட்டும் சுமார் 6,85,000 கியூரி காற்றில் போயிருக்கிறது. அது காற்றோடு போய்ப் புல்லில் இறங்கும். புல்லை மாடு தின்னும். பாலில் வரும். குழந்தையின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் போய் உட்காரும். வீட்டு மாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடித்த பண்ணைக் குழந்தைகளுக்குத்தான் அதிகம் போயிருக்கும். பட்டணத்துப் பிள்ளை குடித்த பால் ரெண்டு மூணு நாள் தள்ளி வந்தது, பல இடத்துப் பாலோடு கலந்தும் வந்தது.

1949 டிசம்பர் 2-ம் தேதி ராத்திரி ஒரு காரியம் செய்தார்கள். யுத்தம் முடிந்து நாலு வருஷம். 16 நாள் மட்டுமே ஆறின பச்சைச் சரக்கை, வடிகட்டியையும் விட்டுவிட்டு, வேண்டுமென்றே கரைத்தார்கள். ரஷ்யாக்காரன் இப்படிச் செய்தால் எவ்வளவு தூரத்திலிருந்து கண்டுபிடிக்கலாம் என்று சோதித்துப் பார்க்க. ஒரே ராத்திரியில் சுமார் 8,000 கியூரி. கீழ்க்காற்றில் இருந்த யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொரு கொடுமை, அடுத்த சில வருஷங்களில் கொலம்பியா பாசனத் திட்டத்தில் தண்ணீர் விட்டு, போர் முடிந்து வந்த சிப்பாய்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் பண்ணை வைக்கக் கூப்பிட்டது அதே அரசாங்கம். 1943-ல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த விவசாயியை ஆகாதுன்னு விரட்டினாங்க, பத்து வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் காற்று அடிக்கிற திசையில விவசாயியைக் கொண்டாந்து வச்சாங்க.

1986-ல் 19,000 பக்க ஆவணங்களை வெளியிட வேண்டி வந்தபோதுதான் இதெல்லாம் வெளியே தெரிந்தது. தைராய்டு நோய் வந்தவர்கள் 1991-ல் வழக்குப் போட்டார்கள். அது முழுசாக முடிய 2015 ஆனது. அரசாங்கம் நடத்திய ஒரு பெரிய ஆய்வு, கதிர்வீச்சின் அளவுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொன்னது. அங்கே வளர்ந்தவர்கள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. ஆனா சொல்லாம ஊத்தினது தப்புங்கறதுக்கு எந்த ஆய்வும் வேண்டியதில்லை.

விவசாயி மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுக்கும் அந்த மண்ணுலயே பதில் இருக்கு. இன்னைக்கும் அந்தப் பழைய தோட்டத்து மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் கிடக்கிறது. இது குண்டு செய்தவர்கள் போட்டதல்ல. ஆப்பிளில் துளைக்கிற புழுவுக்கு அந்தக் காலத்து விவசாயிகள் அடித்த ஈய ஆர்சனேட் மருந்து. அணுக்கழிவோடு சேர்த்து அதையும் ஒரு தனி இனமாகப் போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அணுக்கழிவு என்றால், தரைக்கடியில் 177 தொட்டிகளில் 5 கோடி கேலனுக்கு மேல். 1989-ல் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்த சுத்தம் செய்யும் வேலை இன்னும் நடக்கிறது. ஆற்றோரம் தானாக முளைத்த முசுக்கொட்டை மரங்கள் ஸ்ட்ரான்சியம்-90 என்பதை வேரால் உறிஞ்சிக்கொண்டன. 1990-ல் ஒரு ஆர்வலர் அந்தப் பழத்தில் ஜாம் போட்டு மாநில ஆளுநருக்கும் எரிசக்தி அமைச்சருக்கும் பாட்டிலில் அனுப்பி வைத்தார்.

கைதிகள் போன பிறகு தண்ணீர் நின்றது, மரங்கள் காய்ந்தன. 2015-ல் இந்த இடத்தைத் தேசியப் பூங்காவில் சேர்த்தார்கள். முன்கூட்டிப் பதிவு செய்தவர்களை இலவசமாகப் பேருந்தில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். பி ரியாக்டருக்கு ஒரு வண்டி, பழைய ஊர்களுக்கு ஒரு வண்டி. இரண்டாவது வண்டியில் போனால் ஹான்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியின் சுவர், ஒயிட் பிளஃப்ஸ் வங்கி, ஆற்றுக் கல்லில் கட்டின ஒரு பழக் கிடங்கு, அப்புறம் ஆற்றோரம் ஒரு பம்பு ஹவுஸ். எத்தனையோ படம் பார்த்தேன், அந்தப் பம்பு ஹவுஸ் படத்தைத்தான் போன்ல வச்சிருக்கேன். பையன்கிட்ட காட்டினேன். "மோட்டார் எங்கப்பா?"ன்னு கேட்டான்.